தீப்பெட்டி இல்லாமல் போன சுற்றுலா

அந்த யோசனை எனக்கு ஒரு மாங்காய்த் துண்டால் வந்தது.

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அன்று எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், குச்சி அடைக்கிற பெண்களும் லேபிள் ஒட்டுகிற பெண்களும் வழக்கம்போல வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். லேபிள் ஒட்டுகிறவர்களில் மூத்த அக்கா உப்பு மாங்காய் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிட்டு, கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கொட்டகைக்குள்ளே ஒருவர் தனியாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லேபிள் அக்கா கொட்டகை வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். பிறகு அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

நான் கணக்கெடுக்கிற மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று தோன்றியது: இந்த இடத்தில் இது நடக்காது. வேறு ஓர் இடத்தில் நடக்கும்.

வேப்பமரத்தடியில் யார் எங்கே உட்கார்வார்கள் என்பது ஒருநாளும் மாறாது. அந்தச் சுவரோரமும் அப்படித்தான். வாசலைத் தாண்டுவதற்கு ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தை யாரிடமும் இல்லை. எல்லோரையும் லாரியில் ஏற்றி, யாருக்கும் சொந்த இடம் என்று ஒன்று இல்லாத ஓர் ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டால்? அங்கே சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டால்? அன்று சாயங்காலம் கோவில்பட்டிக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தது எனக்கு நினைவே இல்லை. மனசுக்குள் அடுப்புக் கல் கூட்டிக்கொண்டே போனேன்.

நான் அப்போது வேதியியல் பட்டம் வாங்கின கையோடு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெண்கள் கொட்டகையை மேற்பார்க்கிற வேலை. எனக்கு அவர்கள் வைத்த பெயர் டீச்சர். அதில் மரியாதை பாதி, கேலி பாதி. நான் சேர்வதற்கு முந்தின பங்குனியில்தான் ஆபீஸில் ஒரு தீவிபத்து நடந்திருந்தது. தலையில் மருந்து முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைக்கிற அறையில் பிடித்த தீ. உள்ளே இருந்தது மருந்து கலக்குகிறவர். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அவரை இழுக்கப் போனவர் லேபிள் அக்கா. அவருடைய வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. இப்போது இடது கையால்தான் லேபிள் ஒட்டுகிறார்.

தீ எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் பழியைச் செத்தவர்மேல் போட்டுவிடுவது எல்லோருக்கும் வசதி. “மருந்துல கோளாறு” என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். வேலை செய்கிறவர்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. மருந்துக்காரரின் மனைவிதான் அந்தச் சுவரோரம் சாப்பிடுகிறவர். புருஷன் இருந்தவரை ஆபீஸ் மொத்தமும் அவரை மைனி என்றுதான் கூப்பிட்டதாம், அண்ணாச்சி சம்சாரம் என்ற முறையில். நான் பார்த்தபோது யாரும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘ஏங்க’, ‘இந்தாங்க’ என்பதோடு முடித்துக்கொண்டார்கள். வெறுப்பு என்று சொல்ல முடியாது. கருகின கையை வைத்துக்கொண்டு ஒருவர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு முன்னால் மருந்துக்காரர் மனைவியிடம் எப்படிச் சிரிப்பது என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. லேபிள் அக்காவுக்கோ, இழுத்தும் காப்பாற்ற முடியாத ஆளின் மனைவியை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை. இதெல்லாம் நானாக ஊகித்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன்.

“ஐயா, நம்ம ஆளுக எல்லாரையும் ஒருநாள் வெளிய கூட்டிட்டுப் போகணும்.”

“எதுக்கு?”

“சேர்ந்து வேலை செய்யுதவிய சேர்ந்து சாப்பிடணும்லா.”

“இங்கன சாப்பிடத்தான செய்யுதாங்க?”

“இங்கன சேர்ந்து சாப்பிடலய்யா.”

 அவர் ஜன்னல் வழியாக, தீக்குப் பிறகு புதிதாகச் சுண்ணாம்பு அடித்த குச்சி காயவைக்கிற அறையைப் பார்த்தார். பிறகு, “ஞாயித்துக்கிழமை லாரிய எடுத்துக்கோ. சோறு உங்க பாடு” என்றார். நான் வாசல்வரை போனதும் கூப்பிட்டு, “எல்லாருமா வாராங்க?” என்று கேட்டார். எல்லோருமா என்று அவர் கேட்டது ஒருவரைப் பற்றித்தான். “எல்லாரும்தான்” என்றேன். அதுவரை அந்த ஒருவரிடம் நான் பேசவே இல்லை.

எங்கே போவது என்பதில் ஒரு வாரம் சண்டை. திருச்செந்தூர் என்றது பாதிக் கொட்டகை. கோயிலுக்குப் போனால் ஒவ்வொருத்தரும் அவரவர் வேண்டுதலோடு வரிசையில் நின்றுவிடுவார்கள். சினிமா என்றது மீதி. இருட்டில் மூன்று மணிநேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு லாரி எதற்கு? நான் பாஞ்சாலங்குறிச்சி என்றேன். கோட்டை இருக்கிறது, சுற்றிலும் வெட்டவெளி இருக்கிறது.

“ஏட்டி, அங்கன போயி யாரு கூட சண்ட போட?” என்றார் லேபிள் அக்கா.

“வேற யாரு? உங்க கூடத்தான்” என்று ஒருத்தி சொல்ல, கொட்டகையே சிரித்தது. சுவரோரத்தில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தவர் மட்டும் தலை நிமிரவில்லை.

அன்று வேலை விட்டதும் அவரோடு கூடவே நடந்தேன்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை நீங்களும் வாரீய.”

“நான் வந்தா அவியளுக்குச் சோறு இறங்காது டீச்சர்.”

“நீங்க வரலேன்னா எனக்கு இறங்காது.”

அவர் நடையை எட்டிப் போட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “அப்படி நெனைக்கிறவிய எதுக்கு இன்னும் இங்கன வேலைக்கு வாரீய? ஊர்ல நிலம் கிடக்குன்னு சொல்லுதாவளே?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார். “நான் போயிட்டா, தப்பு எங்க வீட்டுக்காரவிய மேலதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா? அவிய கலக்குன மருந்துல ஒருநாளும் கோளாறு வந்தது கிடையாது. ஒரு ஆளாவது அதச் சொல்லட்டும். அப்புறம் பாத்துக்கிடுதேன்.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அவர் வரவேண்டும் என்பதிலேயே என் குறி இருந்தது. சனிக்கிழமை மாலை, கிளம்புகிற நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்து, “உப்பு யாரு கொண்டாரா?” என்று கேட்டார். அரிசி, பருப்பு, மிளகாய், கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் ஆள் பிரித்துவிட்டிருந்தேன். உப்புக்கும் ஒருத்தி இருந்தாள். “உப்புக்கு யாரும் இல்லக்கா. நீங்கதான் கொண்டாரணும்” என்றேன்.

ஞாயிறு காலை லாரி ஆபீஸுக்குள்ளேதான் நின்றது. இங்கே வாசல் டின்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஆபீஸுக்குள் யாரும் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. செய்வது தீப்பெட்டி, ஆனால் உள்ளே ஒரு குச்சி உரசினால் போதும். அதனால் வாசலில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கும். பீடி குடிக்கிற ஆண்கள் எல்லோரும் உள்ளே வரும்போது தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்கான பழக்கம். கை தானாகப் போகும். அன்றும் அப்படித்தான் ஒவ்வொருவராக வந்து, டின்னில் போட்டு, லாரியில் ஏறினார்கள். லாரி டிரைவர் அண்ணாச்சியும்தான். பெண்களுக்குத் தீப்பெட்டி கொண்டுவருகிற வழக்கமே கிடையாது. மருந்துக்காரர் மனைவி மட்டும் உள்ளே வரவில்லை. ரோட்டோரம் புளியமரத்தடியில் உப்புப் பொட்டலத்தோடு நின்றிருந்தவரை லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டோம். பின்பக்கப் பலகையோரம் உட்கார்ந்தார்.

ஆவணி மாதம். மழை இன்னும் இறங்கவில்லை. கரிசல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. கால் வைத்தால் கணுக்கால்வரை உள்ளே போகிற வெடிப்புகள். லாரியில் பாட்டு, கேலி, ஒருத்தியின் மடியில் இன்னொருத்தி. பசுவந்தனை தாண்டியதும் மருந்துக்காரர் மனைவி ஒரு மண்பாதையைக் காட்டி, “இதுலதான் எங்க ஊருக்குப் பிரியணும்” என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் லாரியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை அவர்கள் கேட்டே நாளாகியிருந்தது.

கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். பார்த்ததைவிட நிழல் தேடினதுதான் அதிகம். கொஞ்சம் தள்ளி உடைமரங்கள் நின்ற இடத்தில் சாமான்களை இறக்கினோம். கல் கூட்டியாயிற்று, சுள்ளி பொறுக்கியாயிற்று, அரிசி களைந்தாயிற்று, கத்தரிக்காய் நறுக்கியாயிற்று. அகப்பைகூட இரண்டு வந்திருந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “சரி, பத்த வைங்க” என்றேன்.

 ஆண்கள் சட்டைப் பையைத் தடவினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டிரைவர் அண்ணாச்சி லாரிக்கு ஓடி, சீட்டுக்கு அடியில் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

“எல்லாம் டின்னுலல்லா கிடக்கு!”

“ஏலே, ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்யுத கூட்டத்துல ஒருத்தன்கிட்டயும் ஒரு பெட்டி இல்லையால?”

“வெளிய சொல்லிராதீங்க. முதலாளி கேட்டா ஆபீஸ மூடிருவாரு.”

சிரித்துச் சிரித்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிகிற நேரத்தில்தான், “என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மருந்துக்காரர் மனைவி இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு தீப்பெட்டியை எடுத்தார். எங்கள் ஆபீஸ் பெட்டிதான். லேபிள் வெளுத்து, ஓரம் மழுங்கியிருந்தது. “அவிய அன்னன்னைக்குக் கலக்குன மருந்துல ஒரு பெட்டி வீட்டுக்குக் கொண்டாந்து, நம்ம அடுப்புல உரசிப் பாப்பாவ. அப்பத்தான் தூக்கம் வரும். இது கடேசிப் பெட்டி. தீக்கு முந்தின நாள் கலக்குனது.” எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு என்னவோ போலிருக்க வேண்டும். “ஆபீஸுக்குள்ள கொண்டாரமாட்டேன். இன்னைக்கு வெளிய போறோம்லா, அவியளும் வரட்டுமேன்னு எடுத்துட்டு வந்தேன்” என்றார்.

யாரும் கை நீட்டவில்லை. கடைசிப் பெட்டியாயிற்றே, வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அவரே அடுப்பின் முன்னால் குத்தவைத்து ஒரு குச்சியை எடுத்து உரசினார். பிடிக்கவில்லை. குச்சியின் தலை மண்ணாக உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது. அடுத்ததை வேகமாக உரசினார். ஒடிந்துபோனது. அவர் பெட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். அடுத்து யார் மனசில் என்ன நினைப்பு ஓடும் என்று அவருக்குத் தெரியாதா?

“நமத்துப் போச்சு. பெட்டி நமத்துப் போச்சு, அவ்வளவுதான். மருந்து இல்ல” என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். ஈரத்தில் மருந்து இளகும் என்று பட்டப்படிப்பு படித்த நான் சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லி என்ன ஆகும்? நான் அவருடைய புருஷனைப் பார்த்ததுகூடக் கிடையாது.

லேபிள் அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “இங்கன தாங்க” என்று இடது கையை நீட்டினார். பெட்டியை வாங்கி, ஒரு குச்சியை எடுத்து, அதன் தலையைத் தன் கூந்தலில் மெல்ல உருட்டி உருட்டித் தேய்த்தார். ஈரம் வாங்கின குச்சிக்கு எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். அவர் வெகுநேரம் செய்தார். ஒட்டிப்போன வலது கையால் பெட்டியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் உரசினார்.

பிடித்தது. மஞ்சளாக, முழுசாக எரிந்தது. அவர் அதை அடுப்புக்குக் கொண்டுபோவதற்குள் ஆவணிக் காற்று ஒரு வீச்சு வீசி அணைத்துவிட்டது.

லேபிள் அக்கா அடுத்த குச்சியை எடுக்கவில்லை. பெட்டியை மூடினார். அதை மருந்துக்காரர் மனைவியின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். “மிச்சத்த பத்திரமா வைங்க மைனி. மருந்து நல்ல மருந்துதான். காத்துதான் அணைச்சுப்போட்டு” என்றார்.

மைனி என்ற அந்த வார்த்தையை எங்கள் ஆபீஸ் ஆட்கள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மருந்துக்காரர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. லேபிள் அக்கா கருகின கையை அந்த முதுகின்மேல் வைத்திருந்தார். “என்னால இழுக்க முடியல மைனி. கனமா இருந்தாவ” என்று மட்டும் சொன்னார். 

கடைசியில் தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் டிரைவர் அண்ணாச்சி போய்க் கேட்டு ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தார். லேபிள் அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது நான் ஒட்டுனதுல்லா” என்றார். பார்த்தோம். எங்கள் ஆபீஸ் பெட்டி. லேபிள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது கையால் ஒட்டினால் அப்படித்தான் சாயும். சிரிக்கலாமா என்று எல்லோரும் தயங்கினோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் சிரித்தவர் மைனிதான்.

சோறு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. சாம்பாரில் உப்புக் கூடுதல், மைனி கவனமில்லாமல் அள்ளிப் போட்டுவிட்டார் போல. யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். மைனியும் லேபிள் அக்காவும் ஒரே இலையில் வைத்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது லாரியில் நின்றுகொண்டே வந்தேன். என்னால் உட்கார முடியவில்லை. நினைத்தது நடந்துவிட்டது என்ற சந்தோஷம்.

திங்கட்கிழமை மதியம் மணி அடித்ததும் லேபிள் அக்கா வேப்பமரத்தடியிலிருந்து கூப்பிட்டார். “மைனி, இங்கன வாங்க, எடம் கிடக்கு.” மைனி வந்தார். வட்டம் கொஞ்சம் பெரிதானது. அந்த வாரம் முழுக்க நான் என் சாப்பாட்டை மறந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சம்பளநாள் முடிந்ததும் மைனி என் மேசைக்கு வந்தார்.

“நான் ஊருக்குப் போறேன் டீச்சர். இனி வரமாட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. “யாராவது ஏதும் சொன்னாவளா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. அதான் போறேன்.” கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். “அந்த ரூமத் தாண்டித் தாண்டி எத்தன நாளைக்கு வர? யாரு சொல்லணும்னு நெனச்சனோ அவிய சொல்லிட்டாவ. இனிமே நான் போனா யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாவ. மழைக்கு முந்திப் போனா நிலத்தக் கிளறிப் போட்டுறலாம்.”

ஒரு ஆளாவது அதச் சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கிடுதேன். அந்த வார்த்தை அப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது. அவரை அந்த வட்டத்துக்குள் உட்காரவைக்க நான் பட்ட பாடெல்லாம், அவர் அங்கிருந்து எழுந்து போவதற்குத்தான் வழியாகியிருந்தது. போகாதீங்க என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? லேபிள் அக்கா வாசல்வரை கூடப் போனார். திரும்பி வந்து லேபிள் கட்டைப் பிரித்தார். அன்று முழுவதும் கேலி பேசவில்லை.

வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்த இடம் இப்போதும் விட்டபடியே கிடக்கிறது. யாரும் நகர்ந்து நிரப்பவில்லை. சுவரோரமும் காலிதான். மழை இந்த வருஷம் பரவாயில்லை. பசுவந்தனைப் பக்கம் உளுந்தும் மல்லியும் நன்றாக முளைத்துத் தலை காட்டுகின்றன என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

அடுத்த சுற்றுலாவை அவருடைய ஊரில் வைப்பது என்று லேபிள் அக்காவும் நானும் பேசி முடித்துவிட்டோம். மாசி மாதம். அதற்குள் கரிசல் காய்ந்துவிடும். ஈரத்தில் லாரியை அந்தப் பாதையில் இறக்கினால் அப்படியே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். அறுப்பும் முடிந்திருக்கும். அப்படியும் பாதையை நம்பாமல் லாரி ரோட்டிலேயே நிற்கும், நாங்கள் நடந்து போவோம். அந்தப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிற பெண்ணிடம் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாங்க என்றோ வேண்டாம் என்றோ இன்னும் பதில் வரவில்லை. எங்களைப் பார்த்தால் அவருக்கு அந்த அறைதான் ஞாபகம் வருமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. லேபிள் அக்காவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. “வரச் சொல்லாட்டாலும் போவோம். வெரட்டுனா ஓடி வந்துருவோம், அவ்வளவுதான?” என்கிறார்.

இந்தத் தடவை கிளம்பும்போது லாரி ஆபீஸுக்கு வெளியேதான் நிற்கும். தீப்பெட்டியை நானே வைத்துக்கொள்வேன். அரிசி, பருப்புக்கு ஆள் பிரித்தாகிவிட்டது. உப்பு மட்டும் கொண்டுபோகப் போவதில்லை. அதை மைனி வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.